நான் எரித்த கதவு

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உளி பிடிக்கிற விதத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கை அதைத் தானாகக் கற்றுக்கொள்ளும். பூச்சி மருந்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. இன்றைக்கு உங்களிடம் ஊசி இருக்கிறது, விதவிதமான மருந்து இருக்கிறது, மரத்தைச் சூட்டறையில் வைத்து எடுக்கிற வசதியும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. வேலை முடிந்து சரக்கு வண்டியில் ஏறப்போகிற நேரத்தில், நீங்கள் செதுக்கிய பலகையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை தெரிகிறது. அதை உங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அப்போது என்ன செய்வீர்கள்?

எனக்கு அது நடந்தது. எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன.

என் பெயர் அஞ்சலை. ஊர் பூலாம்பாடி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் உளி பிடித்தது கிடையாது. அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அரும்பாவூரில் ஒரு சிற்பப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கப் பெண்கள் வேண்டும் என்று சொன்னதால் போனேன். தேய்த்துத் தேய்த்து, எந்த இடத்தில் உளி தப்பியிருக்கிறது என்று விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. கழிவுத் துண்டுகளில் நானே இலை வெட்டிப் பார்த்தேன். பட்டறைக்காரரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளையிலேருந்து கொடி வேலை நீ பாரு" என்றார்.

சாமி உருவமெல்லாம் ஆண்கள் செய்வார்கள். இலை, கொடி, பூ எனக்கு. மட்டமான வேலை என்று நினைத்துத்தான் கொடுத்தார். ஆனால் அந்த வருஷங்களில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆண்கள் வரிசையாக வளைகுடா போய்க்கொண்டிருந்தார்கள். மச்சு வீடு கட்டினார்கள். வாசலுக்கு வேலைப்பாடு போட்ட கதவு கேட்டார்கள். முஸ்லிம் வீடுகள் என்பதால் அதில் உருவம் கூடாது, கொடியும் பூவும்தான் வேண்டும். பட்டறையில் என் கைக்குத்தான் வேலை அதிகமாயிற்று. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வந்த வேலையை விடவில்லை.

ஜைத்தூன் பீவி என்ற அம்மாள் வீட்டுக் கதவும் அப்படி வந்ததுதான். அவர் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். வீடு கட்டுவது, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும் அந்த அம்மாள்தான் தனியாக நின்று செய்துகொண்டிருந்தார். மகளுடைய நிக்காஹ் அந்தப் புது வீட்டில் நடக்கவேண்டும், அதற்குள் கதவு மாட்டியாகவேண்டும் என்பது பேச்சு. இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் மூன்று பலகை. ஆறு பலகையிலும் திராட்சைக் கொடி கீழே முளைத்து, மேலே போகப் போகப் பழுத்து, உச்சியில் இரண்டு கதவும் சேருமிடத்தில் ஒரே குலையாக முடியும். வரைந்தவளும் நான், வெட்டியவளும் நான்.

சட்டத்துக்கும் நிலைக்கும் நல்ல தேக்கு வந்தது. பலகைக்கு வந்தது இளந்தேக்கு. மரத்துக்கு நடுவில் கருத்து இறுகி இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளுத்து இருப்பது வெளிறு. பூச்சிக்குத் தீனி அந்த வெளிறுதான். எனக்கு வந்த பலகையில் பாதிக்குமேல் வெளிறு.

"மேஸ்திரி, இது வெளுப்பா இருக்குதே" என்று முதல் நாளே கேட்டேன்.

"சாயம் ஏத்தினா எல்லாம் ஒரே நெறம்தான். நீ கொடியப் பாரு" என்றார்.

கொடியைப் பார்த்தேன். பல வாரம் பார்த்தேன். சொந்தப் பெருமை பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்று செய்ததில்லை. ஒரு இலையின் ஓரம் சுருண்டு அடுத்த இலைமேல் நிழல் விழுகிற மாதிரி வெட்டியிருந்தேன். பட்டறைக்கு வருகிறவர்கள் அதைத் தொடாமல் போகமாட்டார்கள்.

கதவு முடிந்து சாயமும் ஏற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக நான்தான் போய்த் திறந்தேன். சுவரில் சாய்த்திருந்த கதவுக்கு அடியில், பெருக்கிவிட்டுப் போன சிமெண்டுத் தரையில், மாவு கொட்டியிருந்தது. சலித்த மாவு மாதிரி நைசாக இருந்தது. கண்ணுக்கு மை எடுக்கிற அளவுதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் உளி எடுக்கவில்லை. உப்புத்தாள் தேய்க்கவில்லை. அப்படியானால் அது வெளியிலிருந்து வந்த தூள் இல்லை. மரத்துக்குள்ளிருந்து வந்தது.

உட்கார்ந்து கீழ்ப் பலகையை விரலால் தடவினேன். ஒரு திராட்சைப் பழத்தின் அடியில் ஓட்டை. பக்கத்து இலையின் நரம்பில் இன்னொன்று. விரலால் தட்டினேன், இன்னும் கொஞ்சம் மாவு உதிர்ந்தது. உளுப்பூச்சி. உள்ளே புழுவாக இருந்து மரத்தைத் தின்று, வண்டாகிக் கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற பூச்சி. நாம் பார்க்கிற ஓட்டை அது வெளியே போன வழி. உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறது என்பதை அந்த ஓட்டை சொல்லாது.

மேஸ்திரி வந்ததும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பதறவில்லை. அதிலிருந்தே இது அவருக்குப் புதிதில்லை என்று எனக்குப் புரிந்தது.

"மெழுகுல கொஞ்சம் சாயத்தைக் கலந்து அடைச்சுடு. மேல ஒரு கை பாலீஷ் போட்டா போதும்" என்றார்.

"அடைச்சா உள்ள இருக்கறது என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. வருஷம் ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம் ஓட்டை விழுந்தா அவங்க வூட்டுல பூச்சி வந்துருச்சும்பாங்க. நம்மள யாரு கேக்கப் போறா?"

"நான் அடைக்க மாட்டேன் மேஸ்திரி."

பட்டறையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி கோபப்படாமல்தான் பேசினார். "அஞ்சல, புதன்கிழமை வண்டி வருது. அவங்க வூட்டுல கல்யாணம். இப்பப் போயி கதவு இல்லேன்னு சொன்னா அந்தம்மா என்ன பண்ணும்? நீ நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு ஒரு கல்யாணத்தக் கெடுக்காத."

இதை நன்றாகக் கவனியுங்கள். தப்பான வேலை செய்யச் சொல்கிறவர்கள் தப்பான வேலை என்று சொல்லிக் கேட்க மாட்டார்கள். இன்னொருவருடைய கல்யாணத்தையும் கஷ்டத்தையும் முன்னால் வைத்துத்தான் கேட்பார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் அவர் சொல்வது சரியோ என்றிருந்தது. பிறகு அந்த வீட்டை நினைத்தேன். புது வீடு. நிலை, ஜன்னல், உத்தரம், மகளுக்குச் செய்த கட்டில், பீரோ எல்லாம் மரம். இந்தக் கதவிலிருந்து கிளம்புகிற வண்டு எங்கே போகும்?

"அப்ப நாமளே போயி அந்தம்மாகிட்டச் சொல்லிடலாம் மேஸ்திரி. வேற கதவு செய்யலாம். நான் விடியறதுக்கு முன்ன வந்து ராத்திரி வரைக்கும் செய்யறேன்."

"நீ சொல்லித்தான் நான் பட்டறை நடத்தணுமா? அடைக்கறதா இருந்தா அடை. இல்லேன்னா கெளம்பு."

என் உளிகளைத் துணியில் சுற்றினேன். உளி என்னுடையது, நான் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். என் பின்னாலேயே ஒருவர் மெழுகு உருக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை பார்த்தார். அந்த வாரம் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். "வேலைய விட்டுட்டல்ல, அதோட விடு. அந்தக் கதவு இனிமே உன்னுது இல்ல" என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை. என் வேலை போனதற்கும் அந்த வீட்டுக்குள் பூச்சி போவதற்கும் சம்பந்தம் இல்லை. வேலையை விட்டதால் என் மனசு சுத்தமாகலாம், மரம் சுத்தமாகாது.

வியாழக்கிழமை பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, லெப்பைக்குடிக்காடு போனேன். கதவை மாட்டியிருந்தார்கள். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கொடி பளபளவென்று இருந்தது.

ஜைத்தூனம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் சாவிக்கொத்து. பக்கத்தில் அவர் கொழுந்தனார். பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

"இந்தக் கொடியச் செதுக்குனது நான்தாங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பொம்பளப் புள்ளயா செஞ்சது? மாஷா அல்லாஹ். வாம்மா, உள்ள வா. என்ன சாப்பிடறே?"

உள்ளே போயிருந்தால் சொல்லவே முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். வாசலிலேயே நின்று சொன்னேன். வெளிறு, பூச்சி, மெழுகு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

கொழுந்தனார்தான் முதலில் பேசினார். "உனக்கும் மேஸ்திரிக்கும் சண்டையா?"

"ஆமாங்க. இதனாலதான் சண்டை."

"எங்க ஓட்டை? காட்டு."

கிட்டே போய்ப் பார்த்தேன். திறமையாக அடைத்திருந்தார்கள். எது பழத்தின் புள்ளி, எது மெழுகு என்று எனக்கே தெரியவில்லை. "இங்கதாங்க எங்கயோ" என்றேன். அவர் சிரித்தார்.

ஜைத்தூனம்மா சிரிக்கவில்லை. "கல்யாண வூட்டு வாசல்ல வந்து நின்னு இப்படிச் சொல்றியேம்மா. உனக்கு நிச்சயமாத் தெரியுமா, உள்ள இன்னும் பூச்சி இருக்குதுன்னு?"

"நிச்சயமாத் தெரியாதுங்க."

"அப்பறம்?"

"இருக்கும்னு நெனைக்கறேன். இல்லேன்னும் ஆகலாம். வந்தத நான் கண்ணால பாத்தேன், அதச் சொல்லாம இருக்க முடியல. கதவுக்கு அடியில ஒரு கறுப்புத் துணிய விரிச்சு வையுங்க. வூட்டப் பெருக்கினாலும் அந்தத் துணிய மட்டும் பெருக்காதீங்க. மாவு கொட்டலேன்னா என்னைப் பொய்க்காரின்னு ஊரெல்லாம் சொல்லுங்க."

"போயிட்டு வாம்மா" என்றார். கோபத்தில் சொன்னாரா, கவலையில் சொன்னாரா தெரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

அதற்குள் மேஸ்திரி என்னைப் பற்றி ஊரில் சொல்லிவிட்டார். பட்டறை ரகசியத்தை வெளியே கொண்டுபோகிறவள், மரத்தை ஈரத்தோடு வைத்துப் பூச்சி பிடிக்கவிட்டவளும் அவளேதான் என்று. சுற்று வட்டாரத்தில் ஒரு பட்டறையும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனேன். "மறுபடி இங்கயே வந்துட்டியா" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன். நான் பிறந்து வளர்ந்த வேலை அது. அதற்குப் போக எனக்கு வெட்கம் இல்லை. மெழுகு அடைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் வெட்கப்பட்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் காட்டோரம் ஒரு கார் வந்து நின்றது. ஜைத்தூனம்மாவும் கொழுந்தனாரும் இறங்கினார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மாள் வரப்பில் நடந்து வந்ததைக் காட்டில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கையில் ஒரு கறுப்புத் துணி, நான்காக மடித்தது. என் முன்னால் வந்து விரித்தார்.

மாவு. அன்று நான் பார்த்ததைவிட அதிகம்.

"இது ரெண்டாவது துணி. மொதத் துணிய ஒதறிட்டு, நம்ம கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சு இன்னொண்ணு போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழம நிக்காஹ். இப்ப என்ன செய்யறதுன்னு நீயே சொல்லு" என்றார்.

கொழுந்தனார் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஆளைக் காட்டினார். "அந்த மருந்துல கொஞ்சம் வாங்கிட்டுப் போயி ரெண்டு கை அடிச்சா செத்துராதா? பருத்திப் புழுவே சாவுதே."

அது எவ்வளவு கொடிய மருந்து என்று எங்களுக்குத் தெரியும். அடித்துவிட்டு வருகிறவர்கள் தலைசுற்றி வரப்பில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

"மேல இருக்கறது சாவும். உள்ள புழு இருக்கற எடத்துக்கு அது போவுமான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா கல்யாணத்துக்கு வர்ற புள்ளைங்க எல்லாம் அந்தக் கொடியத் தடவிப் பாக்கும், தடவுன கையில சோறு திங்கும். அந்தக் கதவுல அந்த மருந்த நான் அடிக்க மாட்டேன். வேற யாரையும் அடிக்கவும் விடாதீங்க."

"அப்ப நீ என்ன செய்வே?" என்று ஜைத்தூனம்மா கேட்டார்.

"கழட்டி எரிச்சிருவேன்."

"நீ செதுக்குனதுதானே அது?"

"ஆமாங்க."

அவர் துணியை மடித்தார். "வண்டியில ஏறு" என்றார்.

வழியெல்லாம் எனக்குள் ஒரே பயம்தான். பலகையைப் பிளந்து பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்றால்? நாலு பூச்சி வெளியே போனதோடு சரி என்றிருந்தால்? ஒரு கல்யாண வீட்டுக் கதவை நான் வீணாக உடைத்தவளாவேன். அந்தப் பயம் வேண்டாம் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். அது இருக்கட்டும். அது இல்லாதவன் எதையும் யோசிக்காமல் உடைத்துவிடுவான். ஆனால் பயத்தைக் கேட்டு முடிவு எடுக்கக்கூடாது. கையில் இருப்பது என்ன என்று பார்த்து எடுக்கவேண்டும். என் கையில் இருந்தது இரண்டு துணி மாவு.

கதவை இறக்கி முற்றத்தில் படுக்கவைத்தோம். கீழ்ப் பலகையைச் சட்டத்திலிருந்து கழற்றி, வீட்டில் இருந்த விறகுக் கோடாலியை வாங்கி, கொடியின் வேர் இருந்த இடத்தில் ஒரு போடு போட்டேன். மரம் பிளக்கிற சத்தமே வரவில்லை. பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. உள்ளே இண்டு இடுக்கெல்லாம் மாவு. வெள்ளைப் புழுக்கள் இரண்டு நெளிந்தன. மேலே என் கொடி மட்டும் ஒரு தோல் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கொழுந்தனார் அதற்குப் பிறகு என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. ஆறு பலகையையும் கழற்றினோம். மூன்றில் பூச்சி தெரிந்தது. மீதி மூன்றில் ஓட்டையும் இல்லை, தட்டினால் மாவும் இல்லை. உச்சிக் குலை இருந்த இரண்டு பலகையும் அதில் சேர்த்தி.

"நல்லா இருக்கறத வெச்சுக்கலாமே. கல்யாணத்துக்கு மட்டுமாவது மாட்டலாம்" என்றார் அவர். நியாயமான பேச்சுதான்.

அந்த இரண்டு பலகையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுருண்ட இலை அதில்தான் இருந்தது. எல்லாம் ஒரே மரத்திலிருந்து அறுத்தது, எல்லாவற்றிலும் வெளிறு. ஓட்டை இல்லை என்றால் பூச்சி இன்னும் வெளியே வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். வேறு யாரோ செதுக்கிய பலகையாக இருந்தால் யோசிக்காமல் நெருப்பில் போடச் சொல்லியிருப்பேன். அப்படியானால் இதற்கும் அதே பதில்தான்.

"எல்லாத்தையும் எரிச்சிரலாங்க" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் பிரியாணிக்குத் தோண்டியிருந்த அடுப்புக் குழியிலேயே போட்டேன். காய்ந்த மரம், சாயமும் பாலீஷும் வேறு. சட்டென்று பிடித்துக்கொண்டது. ஜைத்தூனம்மா முக்காட்டின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்குத்தான். எனக்கு வரவில்லை. எனக்குள் இருந்தது கோபம். ஒரு மரத்தைச் சரியாகப் பார்த்து வாங்காத சோம்பலுக்கு என் கை உழைப்பு இரையாகிறதே என்ற கோபம். அந்தக் கோபம் நல்லது. அதுதான் பிறகு என்னை நடத்தியது.

கதவுச் சட்டத்தையும் நிலையையும் உளியால் சீவிப் பார்த்தேன். இரண்டும் முழு வைரம், எங்கும் ஓட்டை இல்லை. நிலை சுவரில் இருக்கட்டும், சட்டத்தை மட்டும் கொல்லையில் தனியாக வைத்து மாதக்கணக்கில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

நிக்காஹ் அன்று வாசலில் கதவு இல்லை. வெறும் நிலையில் பச்சைத் திரை ஒன்று தொங்கியது. ஜைத்தூனம்மா என்னைக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். என்னிடம் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது அப்பாவின் அண்ணன், வாசலில் நின்று திரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, சவுதிக் காசு கதவுக்குப் பத்தலையா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

கொழுந்தனார் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாய் எடுத்தார். ஜைத்தூனம்மா அதற்குள் திரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

"கதவு இருந்துச்சு. உள்ளுக்குள்ள உளுத்துப்போயிருந்துச்சு. உங்க வூட்டு ஆளுங்கள மினுக்கி வெச்ச உளுத்த கதவக் காட்டி உள்ள கூப்பிட எனக்கு இஷ்டமில்ல. கழட்டிட்டேன். கதவச் செஞ்ச பொண்ணு அங்கதான் நிக்கிது. சந்தேகம் இருந்தா கேட்டுக்குங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த மாதிரி வாசலில், அந்த மாதிரி ஆட்கள் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"நான்தாங்க செஞ்சேன். நான்தாங்க எரிச்சேன்" என்றேன்.

பெரியத்தா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. "இப்படிச் சொல்ற வூட்டுலதான் பொண்ணு எடுக்கணும்" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுத் திரையைக் கையால் விலக்கிக் குனிந்து உள்ளே போனார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

புதுக் கதவை நான் தனியாகச் செய்தேன். திருமழபாடியில் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். "அந்தக் கதவு இனிமே உன்னுது இல்ல" என்று சொன்ன அதே மனுஷர். இரண்டு பேரும் போய் உத்தரக் கட்டைகளைப் பார்த்து எடுத்தோம். வெளிறு எல்லாம் சீவி எடுத்த, பல தலைமுறை காய்ந்த தேக்கு. உளி வைத்தால் திரும்பிக் கடித்தது. ஆணி இருந்த ஓட்டைகள் வேறு.

ஜைத்தூனம்மா வீட்டுக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். "அதே திராட்சக் கொடிதானே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். எரித்ததை மறுபடி வெட்ட என் கை வராது, இந்த மரமும் அதற்கு இடம் கொடுக்காது. ஆணி ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு பூவின் நடுவாக வருகிற மாதிரி சின்னச் சின்னப் பூக்களாக வரைந்தேன். முதல் கதவின் அழகில் பாதிதான் இருக்கும். மேஸ்திரி அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, "பொம்பள செஞ்ச கதவு எப்படி இருக்கும்" என்று சொன்னாராம். சொல்லட்டும். ஜைத்தூனம்மாவின் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு" என்றார். எனக்கு அது போதும். அந்தத் தெருவில் அடுத்த கதவையும் என்னிடம்தான் கேட்டார்கள்.

உங்களுக்கும் ஒருநாள் யாராவது மெழுகை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று பொய் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எனக்கு வேலை போனது, பேர் கெட்டது, நான் செய்ததிலேயே நல்ல வேலை சாம்பலாயிற்று. அதெல்லாம் திரும்ப வரவில்லை. ஆனால் அதே திங்கட்கிழமைக் காலை மறுபடி வந்தாலும் நான் உளியைச் சுற்றிக்கொண்டு கிளம்புவேன். இந்த வேலையில் உங்களுக்கு என்று சொந்தமாக இருப்பது, மாட்டேன் என்று சொல்கிற அந்த ஒரு சொல்தான். அதைக் கடன் கொடுக்காதீர்கள்.

கொஞ்ச காலம் கழித்து, கொள்ளிடக்கரை ஊர் ஒன்றிலிருந்து கோயில் காரியம் பார்க்கிறவர் ஒருவர் பூலாம்பாடிக்கு வந்தார். நான் அங்கே சொந்தமாகப் போட்டிருந்த கொட்டகையில் அப்போது என்னோடு இரண்டு பெண்கள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வேலை செய்யற ஆளு எங்க?"

"நான்தாங்க."

"ஆம்பள யாரும் இல்லையா?"

"இல்லீங்க."

அவர் போகவும் மனமில்லாமல், நிற்கவும் மனமில்லாமல் துண்டை உதறினார். "கோயில் மண்டபத்துக்கு ரெட்டைக் கதவு வேணும். மரமெல்லாம் வாங்கி வெச்சாச்சு. தேதியும் குறிச்சாச்சு. நீ வந்து செதுக்கி மட்டும் குடுத்தா போதும்."

"மரத்த நான் பாக்கணுங்க. அறுத்துப் பாத்து, எனக்குச் சரின்னு பட்டாத்தான் உளி வெப்பேன். இல்லேன்னா செய்ய மாட்டேன். சாமிக்கா இருந்தாலும் அதேதான்."

"தேதி குறிச்சாச்சும்மா."

"தேதிய நான் குறிக்கலீங்களே."

உப்புத்தாள் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மண்டபத்துக்கு வாங்கி வைத்திருக்கிற மரத்தை மனசுக்குள் பார்க்கிறவர் மாதிரி தரையைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சரி. எப்ப வந்து பாக்கறீங்க?"